இனாரியின் சாமி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

பின்லாந்தின் வடகோடியில் இனாரி என்னும் சிற்றூரில் உள்ள சாமி மக்களின் அருங்காட்சியகத்துக்காக ஒரு நாளை ஒதுக்குவது தகுமா, அம்மக்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் போகிறவருக்கு அங்கே என்ன விளங்கும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஒதுக்குங்கள், கோடையில் போவதானால் ஒன்றரை நாளாக ஒதுக்குங்கள். ஹெல்சிங்கியில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒன்றரை மணி நேரத்தில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு விரைந்தேன். சில ஆண்டுகள் கழித்து, கொஞ்சம் படித்துக்கொண்டு இரண்டாம் முறை போனபோது அதே ஊரில் வேறோர் இடத்தைப் பார்ப்பது போல இருந்தது. அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் நான் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், நீங்கள் முதல் முறையிலேயே நன்றாகப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. 'சாமி' என்ற சொல் நம் காதில் கடவுளைக் குறிப்பதாக விழும்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் தொன்றுதொட்டு வாழும் மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. தங்கள் நிலத்தைச் சாப்மி என்கிறார்கள். அந்த நிலத்தின் குறுக்கே நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகள் ஓடுகின்றன. பழைய புத்தகங்களில் இவர்களை 'லாப்' என்று எழுதியிருப்பார்கள்; அதை இம்மக்கள் இழிசொல்லாகக் கருதுகிறார்கள் என்பதால் அங்கே போகும்போது அச்சொல்லை வாயில் எடுக்காதீர்கள். லாப்லாந்து என்பது பின்லாந்தின் ஒரு மாகாணத்துக்கு இன்றும் அதிகாரபூர்வமான பெயராக இருப்பதால் அதைச் சொல்வதில் தவறில்லை. பின்லாந்தில் சாமி மக்கள் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று சாமித் தாயகப் பகுதிக்கு வெளியே, ஹெல்சிங்கி, ஓவ்லு, ரொவனியெமி போன்ற நகரங்களில் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தின் பெரிய புகைப்படங்களில் காணும் பனிவெளியும் பனிமான் மந்தையும் உண்மையானவை. ஆனால் அவற்றோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்து அலுவலகத்துக்குப் போகும் சாமி இளைஞரும் அதே அளவுக்கு உண்மையானவர்.

அருங்காட்சியகத்தின் பெயர் சீடா. அது ஓர் ஆளின் பெயரோ அழகுக்காக வைத்த பெயரோ அன்று. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பையும் அதன் நீர்நிலைகளையும் பல குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்தி, எங்கே எப்போது மீன் பிடிப்பது, எங்கே வேட்டையாடுவது என்று தமக்குள் பேசி முடிவுசெய்யும் ஊர்க்கூட்டத்துக்குச் சாமி மொழியில் சீடா என்று பெயர். நம் ஊர்ப் பழக்கத்தில் சொல்வதானால், ஊர், ஊர்ப் பொதுநிலம், ஊர்ச்சபை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியது போல. இந்த அருங்காட்சியகத்தை 1959ஆம் ஆண்டில் தோற்றுவித்தது சாமி மக்களின் சங்கம் ஒன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944ஆம் ஆண்டில், பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் லாப்லாந்தின் வீடுகளையும் பாலங்களையும் எரித்துக்கொண்டே போயின. எஞ்சிய சில மரக்கட்டடங்களையாவது காப்பாற்றி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற தவிப்பு அந்த முயற்சியின் பின்னால் இருந்தது. திறந்தவெளி அருங்காட்சியகமாக 1963ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது நீங்கள் நுழையப்போகும் சீடா கட்டடம் 1998ஆம் ஆண்டில் எழுந்தது; பின்னர் விரிவாக்கப்பட்டு, புதிய நிலையான கண்காட்சியோடு 2022ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தது. 2024ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய அருங்காட்சியக விருது இதற்குத்தான் கிடைத்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு வட்டாரத்தின் அருங்காட்சியகம் அந்த விருதைப் பெற்றது என் மனத்துக்கு மிகுந்த நிறைவைத் தந்த செய்தி.

அந்த விருதுக்கு அழகான கட்டடம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம், அங்குள்ள பொருள்களின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் பயணிகளும் சாமி மக்களின் உடை, கருவி, தொட்டில், அணிகலன் முதலியவற்றைத் தெற்கே எடுத்துச் சென்றார்கள். சிலவற்றை விலைக்கு வாங்கினார்கள், சிலவற்றைப் பரிசாகப் பெற்றார்கள், சிலவற்றைக் கேட்காமலே எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த பெருந்தொகுப்பு ஹெல்சிங்கியிலுள்ள பின்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தது. அங்கிருந்த 2,200க்கும் மேற்பட்ட பொருள்களின் உரிமையைத் தேசிய அருங்காட்சியகம் 2021ஆம் ஆண்டில் சீடாவுக்கு மாற்றிக் கொடுத்தது. கடனாகவோ கண்காட்சிக்காகவோ அனுப்பவில்லை. உரிமையையே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு பாட்டி தைத்த தொப்பியைப் பார்க்க அவருடைய கொள்ளுப்பேத்தி 1,100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அனுமதி கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்த நிலைமை அத்தோடு மாறியது. ஆகவே உள்ளே ஒவ்வொரு பொருளின் முன்னும் நிற்கும்போது 'இது என்ன' என்பதோடு 'இது இத்தனை காலம் எங்கே இருந்தது' என்றும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: வீட்டுக்குரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், பொருள்கள் வீடு திரும்பியிருக்கின்றன, நாம் விருந்தினராகப் போகிறோம் என்ற நினைப்போடு பாருங்கள்.

இந்தத் திரும்புதல் பின்லாந்தில் மட்டும் நடப்பதன்று. நார்வேயில் ஓஸ்லோவின் அருங்காட்சியகங்களில் இருந்த சாமித் தொகுப்பில் ஏறத்தாழப் பாதியை வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள ஆறு சாமி அருங்காட்சியகங்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று உண்டு. தென்சாமி மொழியில் 'திரும்பி' என்று பொருள்படும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். என்னை மிகவும் பாதித்தது ஒரு பறையின் கதை. சாமி மக்களின் பழைய சமயத்தில் ஆவிகளோடும் தெய்வங்களோடும் பேசுவோர், மானின் தோலில் ஆல்டர் மரப்பட்டைச் சாற்றால் உருவங்கள் வரைந்த பறையை அடிப்பார்கள். ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற முதியவரிடமிருந்து அப்படியொரு பறையை 1691ஆம் ஆண்டில் பறிமுதல் செய்தார்கள். அடுத்த ஆண்டு நார்வேயின் வத்சோ ஊரில் சூனியக் குற்றம் சாட்டி அவரை விசாரித்தார்கள். பறையில் உள்ள ஒவ்வோர் உருவத்தின் பொருளையும் அவர் நீதிமன்றத்தில் விளக்கினார். அந்தச் சாட்சியம் பதிவாகியிருப்பதால்தான் இன்று நாம் சாமிப் பறைகளின் பொருளைப் பற்றி ஓரளவாவது அறிகிறோம். தீர்ப்பு வருமுன் காவலில் இருந்தபோதே சித்தம் கலங்கிய ஒருவரால் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பறை கோபன்ஹேகனின் அரச சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1979ஆம் ஆண்டிலிருந்து கடனாக நார்வேயின் காரசோக் ஊர்ச் சாமி அருங்காட்சியகத்தில் இருந்துவந்த அது, 2022ஆம் ஆண்டில்தான், அதாவது முந்நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, முழு உரிமையோடு சாமி மக்களின் கைக்கு வந்தது. ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் பழைய பறைகள் மொத்தம் எழுபதை ஒட்டியவையே. மற்றவை எரிக்கப்பட்டன அல்லது தொலைந்தன. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால், சீடாவில் பழைய சமயத்தைப் பற்றிய பகுதிகளில் காட்டும் நிதானமும் ஒதுக்கமும் உங்களுக்குப் புரியும். மனித எலும்புகளையும் இப்படித்தான் அளவெடுப்பதற்காகப் பழைய இடுகாடுகளிலிருந்து தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இருந்த மண்டையோடுகள் 1995ஆம் ஆண்டில் இனாரிக்குத் திரும்ப வந்து அடக்கம் செய்யப்பட்டன.

இனி உள்ளே. நிலையான கண்காட்சிக்கு இனாரி சாமி மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் 'இந்நிலங்கள் எங்கள் பிள்ளைகள்'. நிலத்தைத் தாய் என்று சொல்லியே பழகிய நமக்கு அந்த உறவு தலைகீழாகத் தோன்றும். தாய் நம்மைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்காட்சி இயற்கையையும் வாழ்க்கையையும் வேறு வேறு அறைகளாகப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருப்பதற்கு அந்தத் தலைப்பு விளக்கமாக அமைகிறது. பறவைகள், மீன்கள், பாசிகள் பற்றிய செய்திகளுக்கு நடுவிலேயே வலையும் படகும் உடையும் வரும். அவசரப்படுவோர் இயற்கைப் பகுதியைத் தாண்டிவிட்டு உடைகளிடம் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அதைப் பார்க்காமல் உடையைப் பார்த்தால் அது வெறும் வண்ணத் துணியாகத்தான் தெரியும்.

பருவங்களைப் பற்றி ஒரு சொல். சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பிரிக்கிறார்கள். குளிர், வேனில், கோடை, இலையுதிர் என்னும் நான்குக்கும் இடையே, பக்கத்துப் பருவங்களின் பெயர்களை இணைத்து வேனிற்குளிர், வேனிற்கோடை என்பதுபோல் நான்கு இடைப்பருவங்கள். வெளிநாட்டார் பலருக்கு இது வியப்பாக இருக்கும். தமிழ் படித்தவருக்கு அந்த வியப்புத் தேவையில்லை. முன்பனி, பின்பனி என்றும் இளவேனில், முதுவேனில் என்றும் ஒரு பருவத்தையே இரண்டாகப் பார்த்துப் பெயரிட்ட பெரும்பொழுதுகள் நம்மிடம் உண்டு. வெறும் அழகுக்காக அவர்கள் இப்படிப் பிரிக்கவில்லை. வேனிற்குளிர் என்பது பனியின் மேற்பரப்பு பகலில் இளகி இரவில் இறுகி, அதன்மேல் சறுக்குவண்டி விரைவாக ஓடும் காலம். வேனிலில் மான் குட்டி போடும். கோடையின் நடுவில் கொசுக்களும் ஈக்களும் மந்தையைக் காற்று வீசும் உயர்ந்த வெளிகளுக்கு விரட்டும். அப்போது குட்டிகளைப் பிடித்துக் காதில் குறி வெட்டுவார்கள். இரண்டு காதுகளிலும் வெட்டும் வெட்டுகளின் வடிவமும் இடமும் சேர்ந்து உரிமையாளரின் அடையாளமாகும். ஓடும் மந்தையில் நூறு அடி தூரத்திலிருந்து அதைப் படிக்கக் கற்றவர்கள் உண்டு. பனிமான் மேய்ப்பு நார்வேயிலும் சுவீடனிலும் பெரும்பாலும் சாமி மக்களின் தனியுரிமை. பின்லாந்தில் சட்டம் அப்படிச் சொல்வதில்லை, பிறரும் மேய்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அதோடு இனாரி சாமிகள் அடிப்படையில் ஏரியின் மக்கள், மீனவர்கள். எல்லாச் சாமிகளும் மான் மேய்ப்பவர்கள் என்ற எண்ணத்தோடு போனால் அங்குள்ள வலைகளின் முன் நீங்கள் நிற்காமலே போய்விடக்கூடும்.

பொருள்களில் நான் அதிக நேரம் நின்றது காலணிகளின் முன்னால். முனை மேலே வளைந்த உரோமக் காலணி அது. மானின் கால்தோலால் செய்வார்கள். ஏனெனில் அத்தோலில் முடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், தேயாது, பனியும் ஒட்டாது. அடிப்பாகத்தில் தோல்துண்டுகளை வைக்கும்போது முடி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் படியுமாறு இணைப்பார்கள். முன்னால் சரிந்தாலும் பின்னால் சரிந்தாலும் ஏதாவது ஒரு பகுதியின் முடி பனியைப் பற்றிக்கொள்ளும். வளைந்த முனை அலங்காரமாகத் தோன்றினாலும் அது பனிச்சறுக்குக் கட்டையின் வாருக்குள் காலை மாட்டுவதற்கான கொக்கி. தைக்கும் நூல் மானின் தசைநாரிலிருந்து திரித்தது; ஈரம் பட்டதும் அது உப்பித் தையல் துளையை அடைத்துவிடும். இவ்வளவு நுட்பத்துக்கும் மேல், காலணிக்குள் காலுறை கிடையாது, காய்ந்த கோரைப்புல்தான். கோடையின் இறுதியில் ஈரநிலத்தில் கோரையை அறுத்து, அடித்து மென்மையாக்கி, சீவி, சடைபோலப் பின்னி வளையங்களாகத் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வைப்பார்கள். காலையில் ஒரு கைப்பிடி எடுத்துக் காலைச் சுற்றிப் பரப்பிக்கொண்டு, இரவில் எடுத்து உலர்த்துவார்கள். வேர்வையை அது உறிஞ்சிவிடும். காற்றைத் தன் இழைகளுக்குள் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கும். கோரை என்றால் பாய் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அதன் இன்னோர் உறவு உறைபனியில் மனிதரின் கால்விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. இதைப் படித்துவிட்டுப் போனால் அந்தச் சிறிய புல்சடையை நீங்கள் தேடிப் பிடித்துப் பார்ப்பீர்கள் என்பதற்காகத்தான் இத்தனை விவரமும்.

உடையில், காக்தி எனப்படும் வண்ண மேலாடை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேறுபடும். கரையின் நாடா, தொப்பியின் வடிவம், கச்சையின் பின்னல் ஆகியவற்றைக் கொண்டு அணிந்தவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பெண்களின் தலையணிகளில் லாத்யோகஹ்பிர் என்ற ஒன்றைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பின்புறத்தில் கொம்புபோல் உயர்ந்து வளைந்த தொப்பி அது. உள்ளே மரத்தால் செய்த ஓர் அச்சு இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய கடுமையான கிறித்தவ எழுச்சி இயக்கத்தின் போதகர்கள் அந்த மரக்கொம்பில் சாத்தான் குடியிருப்பதாகச் சொன்னார்கள் என்றும், பெண்கள் அவற்றைத் தீயில் இட்டார்கள் என்றும் ஊரார் நினைவில் இருக்கிறது. அத்தொப்பி வழக்கொழிந்தது. உலகம் முழுவதும் இன்று எஞ்சியிருக்கும் பழைய தொப்பிகள் அறுபதுக்கும் குறைவு, அவையும் பெரும்பாலும் தொலைதூர அருங்காட்சியகங்களில். ஓவ்தி பியெஸ்கி என்ற சாமி ஓவியக் கலைஞரும் ஏவ-கிறிஸ்தீனா ஹார்லின் என்ற தொல்லியல் ஆய்வாளரும் சேர்ந்து அத்தொப்பிகளைத் தேடிப்போய் அளந்து, வெட்டும் முறையைக் கண்டறிந்து, சாமிப் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் அணியாத தொப்பியை இன்று இளம்பெண்கள் அணிந்துகொண்டு திருவிழாவுக்குப் போகிறார்கள். அருங்காட்சியகப் பொருள் ஒன்று மறுபடி தலைக்கு ஏறியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

விளக்கப் பலகைகளைப் படிக்கும்போது மொழிகளைக் கவனியுங்கள். பின்லாந்தில் வடசாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி என மூன்று சாமி மொழிகள் உண்டு. மூன்றுக்கும் அங்கே இடம் உண்டு. இனாரி சாமி இந்த ஏரிக்கரையில் மட்டுமே பிறந்து வளர்ந்த மொழி. அதைப் பேசுவோர் சில நூறு பேர். உண்டுறைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஃபின்னிய மொழிக்கு மாறி, 1990களில் அதைப் பேசும் இளையோரைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. அப்போது 1997ஆம் ஆண்டில் 'மொழிக்கூடு' என்ற பெயரில் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றுவோர் பிள்ளைகளிடம் இனாரி சாமி தவிர வேறு எதுவும் பேச மாட்டார்கள். பெற்றோருக்கே தெரியாத மொழியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் பெரியவர்களுக்கும் ஓராண்டுத் தீவிரப் பயிற்சி நடந்தது. அதில் படித்தவர்களில் பலர் ஆசிரியர்களாகவும் இதழாளர்களாகவும் ஆனார்கள். சில நூறு பேரின் மொழி என்று கேட்டு நம்மில் சிலர் 'அது அழியத்தானே போகிறது' என்று எளிதாகச் சொல்லிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். இனாரிக்குப் போய், கடையில் ஒரு தாயும் சிறுமியும் அம்மொழியில் பேசிக்கொண்டு போவதைக் கேட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஸ்கோல்ட் சாமிகளைப் பற்றிச் சுருக்கமாக: அவர்கள் கிழக்கே பெத்சாமோ பகுதியில் வாழ்ந்தவர்கள், மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறித்தவர்கள். 1944ஆம் ஆண்டில் அந்நிலம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனதும் பின்லாந்துப் பக்கம் வந்து, 1949ஆம் ஆண்டில் இனாரி ஏரிக்கு வடக்கே செவெத்தியார்வி முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ரஷ்ய ஜார் மன்னர்கள் தங்கள் நிலவுரிமையை உறுதிசெய்து கொடுத்த பட்டயங்களைத் தலைமுறை தலைமுறையாக மரப்பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் இவர்கள். அந்த ஆவணத் தொகுப்பு 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. திறந்தவெளிப் பகுதியிலுள்ள ஸ்கோல்ட் வீட்டுக்குள் நுழையும்போது, அதில் இருந்தவர்கள் ஊரையே இழந்து வந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளிப் பகுதிதான் அருங்காட்சியகத்தின் தொடக்கம் என்று முன்பே சொன்னேன். ஏறத்தாழ 7 ஹெக்டேர் பரப்பில், பைன் மரங்களுக்கு நடுவில், ஐம்பதை ஒட்டிய கட்டடங்களும் அமைப்புகளும் இருக்கின்றன. புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய குடில், மரவீடு, பழைய நீதிமன்றக் கூடம், விலங்குகளைப் பிடிக்கும் பொறிகள் என நடந்துகொண்டே பார்க்கலாம். ஒற்றை மரத்தூணின்மேல் நிற்கும் சின்னஞ்சிறு களஞ்சியம் ஒன்று உண்டு. அதற்கு நியல்லா என்று பெயர். கரடியும் வால்வரின் என்னும் ஊனுண்ணி விலங்கும் ஏறி இறைச்சியை எடுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஒற்றைக்கால். இந்த இடத்தில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருந்த தடயங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதால், மரத்தடியில் சும்மா நிற்பதற்கும் அங்கே பொருளுண்டு. ஆனால் குளிர்காலத்தில் இப்பகுதியைப் பராமரிப்பதில்லை. பாதைகள் பனியில் மூடிவிடும்.

ஆகவே எப்போது போவது என்பதற்கு என் கருத்து செப்டம்பர் முதல் பாதி. இலைகள் சிவந்து மஞ்சளாகும் காலம் அது, கொசு ஓய்ந்திருக்கும், இரவு இருட்டத் தொடங்கியிருப்பதால் துருவ ஒளியும் தென்பட வாய்ப்புண்டு. மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை இனாரியில் சூரியன் மறைவதில்லை; டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை உதிப்பதில்லை. ஜூலையில் போவதானால் கொசுவிரட்டி இல்லாமல் போக வேண்டாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் அப்போதும் போகலாம். உள்கண்காட்சி மட்டுமே ஒரு நாளுக்குப் போதும். அவ்வாறு போகும்போது திறந்திருக்கும் நாள்களையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், கோடைக்கும் குளிருக்கும் அவை மாறும். ஹெல்சிங்கியிலிருந்து இவாலோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே பேருந்திலோ காரிலோ போகலாம். இரவு ரயிலில் ரொவனியெமி வந்து அங்கிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பேருந்தில் போவது மெதுவானது. ஆனால் காடு மெல்ல மெல்லக் குட்டையாகி நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் நான் அதையே விரும்புவேன்.

மிச்சமிருக்கும் அரைநாளுக்கு இரண்டு யோசனைகள். நடக்க முடிந்தவர்கள் பியெல்பயார்வி காட்டுத் தேவாலயத்துக்குப் போகலாம்; பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய மரக்கோயில், சாலை போகாத இடத்தில் புல்வெளி நடுவே தனியே நிற்கிறது. கற்களும் வேர்களும் நிறைந்த பாதை என்பதால் போகவர அரைநாள் ஆகிவிடும். நடக்க இயலாதவர்களுக்குக் கோடையில் ஏரிப்படகு உண்டு. 3,000க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள ஏரி அது. அவற்றுள் உக்கோ என்னும் செங்குத்தான பாறைத்தீவு இனாரி சாமிகளின் பழைய வழிபாட்டிடம். கிரீட் தீவில் நோசஸ் அரண்மனையை அகழ்ந்து புகழ்பெற்ற ஆர்தர் எவன்ஸ், தம் இளமையில், 1873ஆம் ஆண்டில், இங்கே வந்து வெள்ளி அணிகலன் ஒன்றின் துண்டைக் கண்டெடுத்தார். முன்பெல்லாம் படகுகள் பயணிகளை அத்தீவில் இறக்கிவிட்டு மேலே ஏறவும் விடும். அண்மை ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது படகிலிருந்தே பார்க்கலாம். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் கருவறைக்குள் போக வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே. தள்ளி நின்று பார்ப்பதும் பார்ப்பதுதான்.

நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றியும் சில சொல்லிவிடுகிறேன். காக்தி அணிந்த ஒருவரைக் கண்டால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்; அவர் வேலைக்கோ தேவாலயத்துக்கோ போய்க்கொண்டிருப்பார். மான் வளர்ப்பவரிடம் 'உங்களிடம் எத்தனை மான்' என்று கேட்பது, முன்பின் தெரியாதவரிடம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். தெற்கே சுற்றுலாத் தலங்களில் சாமி உடைபோல எதையோ அணிந்து, சாமிச் சடங்கு என்று எதையோ நடத்திக் காட்டும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அதை அம்மக்கள் வன்மையாக எதிர்க்கிறார்கள். சாமி மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமான சாமி நாடாளுமன்றம் 2018ஆம் ஆண்டில் சுற்றுலாவுக்கென நெறிமுறைகளையே வகுத்தது. நாய் இழுக்கும் வண்டியும் பனிக்கட்டி வீடும் சாமி மரபைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை மகிழ்ச்சியாகப் பாருங்கள், ஆனால் சாமிப் பண்பாட்டைப் பார்த்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள். கைவினைப் பொருள் வாங்குவதானால் 'சாமி துவோஜி' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாமிக் கைவினைஞர் செய்தது என்பதற்கு அதுவே அடையாளம். பிர்ச் மரத்தில் புடைத்து வளரும் கணுவைக் குடைந்து செய்யும் குக்சி என்னும் குவளையின் விலை உங்களைத் திகைக்க வைக்கும். காட்டில் கணுவைத் தேடி, மாதக்கணக்கில் உலர்த்தி, விரிசல் விடாமல் குடைந்தெடுக்கும் உழைப்பின் விலை அது. பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் கடைந்தது.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்று எழுதியிருந்ததால் ஒரு நாளை இப்படி வகுத்துக்கொள்ளலாம்: காலையில் வெயில் இருக்கும்போதே வெளிப்பகுதி, பசித்ததும் அங்கேயே உள்ள உணவகம், பிற்பகல் முழுவதும் உள்கண்காட்சி. மாலையில் களைப்பாக இருந்தாலும் அருகிலுள்ள சாயோஸ் கட்டடத்தை எட்டிப் பார்த்துவிடுங்கள். 2012ஆம் ஆண்டில் திறந்த அக்கட்டடத்தில்தான் பின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் கூடுகிறது. அதற்குள் ஒரு நூலகமும் உண்டு. இனாரி சாமி மொழியில் அச்சான குழந்தைகள் புத்தகங்களை எடுத்து உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். படங்களை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.